பாவம், பிரமாணம், கிருபை: பவுலின் மூன்று சொற்கள் தமிழில் அடைந்த வடிவங்கள்

தமிழில் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இறைவனைக் குறிக்கும் சொல்லைப் பற்றியே விரிவாக எழுதியுள்ளனர். கத்தோலிக்கர் சருவேசுரன் என்றும், பப்ரிசியுசு பராபரன் என்றும், 1871இல் முழுமையாக வெளிவந்த யூனியன் மொழிபெயர்ப்பினர் தேவன் என்றும், 1995இல் வந்த திருவிவிலியத்தார் கடவுள் என்றும் வழங்கிய வரலாறு நன்கு அறியப்பட்டதே. ஆயின் ஒரு சமயத்தின் கருத்துலகம் இறைவன் பெயரோடு முடிந்துவிடுவதன்று. மனிதன் எத்தகைய நிலையில் உள்ளான், அவனுக்கு விதிக்கப்பட்டது யாது, அவன் எதனை நம்பி மீள்கிறான் என்னும் மூன்று வினாக்களுக்குக் கிறித்தவம் தரும் விடை பவுலடியாரின் உரோமர் நிருபத்திலே மூன்று கிரேக்கச் சொற்களைச் சுற்றி அமைந்துள்ளது. ஹமார்த்தியா, நோமோஸ், காரிஸ் என்பன அவை. தமிழில் இவை பாவம், நியாயப்பிரமாணம், கிருபை என்றும், பிற்காலத்தே பாவம், திருச்சட்டம், அருள் என்றும் வழங்குகின்றன.

இம்மூன்றும் தனித்தனிக் கலைச்சொற்கள் அல்ல. ஒன்றன் பொருள் மற்ற இரண்டன் பொருளால் வரையறுக்கப்படுகிறது. பாவம் என்பது செய்த செயல் ஒன்றே எனக் கொண்டால், சட்டம் என்பது அச்செயலைத் தடுக்கும் விதியாகவும், கிருபை என்பது அதற்குரிய தண்டனையைத் தள்ளுபடி செய்வதாகவும் அமையும். பாவம் என்பது மனிதனை ஆட்கொண்ட ஓர் ஆற்றல் எனக் கொண்டால், சட்டம் அவ்வாற்றலை வெளிப்படுத்துவதாகவும், கிருபை அதனை வெல்லும் வேறோர் ஆற்றலாகவும் அமையும். எனவே ஒரு சொல்லின் தேர்வை மட்டும் தனியே எடுத்து நன்று, தீது எனத் தீர்ப்பளிப்பது மொழிபெயர்ப்பாய்வுக்குப் போதாது. மூன்றும் சேர்ந்து தமிழில் எவ்வாறு இயங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூலமொழிகளில் நேர்ந்த மாற்றங்கள்

பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொற்களே மொழிபெயர்ப்புச் சொற்கள் என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் பணி கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது. எபிரேயத்தில் தோரா என்பதற்கு அடிப்படைப் பொருள் போதனை, வழிகாட்டல் என்பதாகும். தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரையும் தோராவே. இதற்கு நேராக அம்மொழிபெயர்ப்பாளர் வழக்கு, விதி, சட்டம் என்னும் பொருள்களையுடைய நோமோஸ் என்ற சொல்லைக் கொண்டனர். பொருளின் ஒரு பகுதி நின்றது. ஒரு பகுதி நீங்கியது.

பரிவைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய இடமாற்றம் நேர்ந்தது. எபிரேயத்தில் ஹேசெத் என்பது உடன்படிக்கையினால் இணைந்தோர் ஒருவர்க்கொருவர் காட்டும் மாறாத பற்றுறுதியைக் குறிக்கும். ஹேன் என்பது பெரியோர் கண்ணில் சிறியோர்க்குக் கிட்டும் தயவைக் குறிக்கும். கிரேக்க மொழிபெயர்ப்பில் ஹேசெத் பெரும்பாலும் இரக்கம் என்னும் பொருளுடைய எலேயோஸ் ஆயிற்று; ஹேன் மட்டுமே காரிஸ் ஆயிற்று. ஆகவே பவுல் காரிஸ் என்று எழுதும்போது அவர்தம் வாசகர்க்குச் சங்கீதங்களின் ஹேசெத் சொல்லளவில் நினைவுக்கு வந்திராது. இந்த நுட்பம் பின்னர்த் தமிழோடு ஒப்பிடுங்கால் இன்றியமையாததாகும்.

இலத்தீனில் நேர்ந்ததோ இன்னும் பெரிது. உரோமர் 5:12இல் மரணம் எல்லா மனிதர்க்கும் பரவியது என்றபின் வரும் கிரேக்க இணைப்புத்தொடரை இன்று பெரும்பாலோர் 'பாவம் செய்தமையால்' எனக் காரணப்பொருளில் கொள்வர். இலத்தீன் மொழிபெயர்ப்போ அதனை 'அவனுள்', 'அதனுள்' எனப் பொருள்படும் இடப்பெயர்த்தொடராக அமைத்தது. அகஸ்தீனார் அதனை ஆதாமைச் சுட்டியதாகக் கொண்டு, ஆதாமினுள் மனிதகுலம் முழுவதும் பாவம் செய்தது என வாதிட்டார். மனித முயற்சிக்கு மிகுந்த இடம் அளித்த பெலாகியுசின் கொள்கை 418இல் கார்த்தேசுச் சங்கத்தில் கண்டிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் எராசுமுசு கிரேக்க மூலத்தைக் காட்டி இலத்தீன் பாடத்தின்மேல் எழுந்த இவ்விளக்கத்தை ஐயுற்றார். பிறவிப்பாவக் கொள்கை இவ்வொரு தொடரை மட்டும் நம்பி நிற்பதன்று. ஆயினும் ஓர் இணைப்புச்சொல் ஆயிரம் ஆண்டுகாலச் சிந்தனையை எவ்வளவு தாங்கக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழில் இந்த ஐயம் எழுவதற்கே இடமில்லை. தமிழ் வாக்கியத் தொடரமைப்பு மொழிபெயர்ப்பாளரைத் தெரிந்தெடுக்குமாறு வற்புறுத்துகிறது: ஒன்று, காரணப்பொருள் தரும் 'செய்தபடியால்' என்னும் வடிவம், அன்றேல், பெயரெச்சமும் வேற்றுமையும் கொண்ட வடிவம். இரண்டற்கும் பொதுவான வடிவம் இல்லை. யூனியன் மொழிபெயர்ப்பு 'படியால்' என்பதைக் கொண்டது. அகஸ்தீனாரின் வாதம் தமிழ் விவிலியத்தின் இவ்வடியிலிருந்து பிறந்திருக்க இயலாது.

பாவம்

மூன்று சொற்களுள் விவாதமின்றி ஏற்கப்பட்டது பாவம் என்பதே. கத்தோலிக்கர், லுத்தரனியர், ஆங்கிலிக்கர் என்ற வேறுபாடு இன்றி எல்லாரும் இதனைக் கொண்டனர். 1995ஆம் ஆண்டின் பதிப்பும் மாற்றவில்லை. எளிதில் ஏற்கப்பட்ட இச்சொல்லே மூன்றனுள் மிகுதியான இடர்ப்பாட்டை உள்ளடக்கியது என்பது எம் கருத்து.

பாவம் என்னும் வடசொல் தமிழில் புண்ணியம் என்பதற்கு எதிர்ச்சொல். இரண்டும் எண்ணத்தக்கன, சேர்க்கத்தக்கன, பயன் தந்து கழியத்தக்கன. ஒருவன் செய்த பாவம் அவனைத் தொடரும். இப்பிறவியிலோ மறுபிறவியிலோ அதனை அனுபவித்துத் தீர்ப்பான். இப்பொருட்பின்புலத்தை முதலில் கூர்ந்து உணர்ந்தவர் 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி ஆவார். அவர் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் நூலில் மறுபிறப்புக் கொள்கையை மறுத்தது வெறும் சமயவாதம் மட்டுமன்று. மொழியியல் நோக்கில் அது ஒரு சொல்லின் பொருட்களத்தைச் சீர்படுத்தும் முயற்சியுமாகும். மறுபிறப்பை நீக்கினாலன்றிப் பாவம் என்ற சொல்லைத் தாம் கருதிய பொருளில் வழங்க இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

ஆயினும் சொற்கள் ஆசிரியர் விருப்பத்துக்கு முழுதும் உட்படுவன அல்ல. கத்தோலிக்க ஞானோபதேசங்களில் பாவம் சென்மப்பாவம், கர்மப்பாவம் என இருவகைப்படும். முன்னது ஆதாமிடமிருந்து பிறப்பின்வழி வருவது; பின்னது ஒருவன் தானே செய்வது. இச்சொற்களைக் கிறித்தவப் பழக்கம் இல்லாத தமிழர் ஒருவர் கேட்பின் என்ன பொருள் கொள்வார்? சென்மப்பாவம் என்பது முற்பிறப்பிற் செய்த பாவம் என்றே தோன்றும். தத்துவபோதகர் எந்தக் கொள்கையை மறுக்க ஒரு நூல் இயற்றினாரோ அதனையே அச்சொல் நினைவூட்டுகிறது. கர்மம் என்ற சொல்லும் அவ்வாறே. இவை நூற்றாண்டுகள் வழங்கியும் குழப்பம் விளைவிக்காமைக்குக் காரணம், அவை சமூகத்தின் உள்வழக்காக, மனப்பாடம் செய்யப்பெறும் வினாவிடைகளுக்குள் நின்றமையே.

சைவ சித்தாந்தச் சொல்வழக்கை ஒப்புநோக்குவோர்க்கு இங்கு மற்றொன்று புலனாகும். சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலங்களை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாக வகுக்கும். இவற்றுள் கன்மம் செயலால் வருவது. ஆணவமோ எச்செயலாலும் வந்ததன்று. செயலுக்கு முன்பே உயிரை மறைத்து நிற்பது. திருவருளாலன்றி அதன் வலிமை கெடாது. பவுல் கூறும் ஹமார்த்தியாவும் செயலுக்கு முற்பட்டது. அமைப்பு நோக்கில் அது ஆணவத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் அதற்கு அளிக்கப்பட்ட தமிழ்ப்பெயரோ கன்மத்தின் பக்கத்தைச் சார்ந்தது. (ஆணவம் தொடக்கமற்றது, கிறித்தவம் கூறும் பாவத்திற்கோ ஒரு தொடக்கம் உண்டு. ஆகவே இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.) மலம் என்னும் சொல் கிறித்தவத் தமிழில் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. மரியாளின் கருவுற்பவத்தைக் குறிக்கும் அமலோற்பவம் என்னும் தொடரில் அது எதிர்மறை வடிவில் நிற்கிறது. பாவமற்ற நிலையைக் குறிக்க மலம் பயன்பட்டது, பாவத்தைக் குறிக்கப் பயன்படவில்லை.

இலக்கண நோக்கிலும் ஓர் இடர் உண்டு. உரோமர் நிருபத்தில் ஹமார்த்தியா பெரும்பாலும் ஒருமையில் வருகிறது; எழுவாயாக நின்று உலகில் நுழைகிறது, ஆளுகிறது, வஞ்சிக்கிறது, கூலி கொடுக்கிறது. பன்மையில் வருமிடங்கள் சில. அங்கு அது செயல்களைக் குறிக்கும். தமிழிலோ அஃறிணைப் பெயர்கள் கள்ளீறு பெறாமலே பன்மையையும் உணர்த்தவல்லன. நன்னூலார் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். எனவே 'பாவம்' என்ற வடிவம் தமிழ்ச்செவிக்கு ஒரு பாவத்தையும் குறிக்கும், பல பாவங்களையும் குறிக்கும். ஆற்றலைக் குறிக்கும் ஒருமைக்கும் செயல்களின் தொகுதிக்கும் இடையே மூலத்தில் உள்ள எல்லைக்கோடு இங்கு மங்கிவிடுகிறது.

பாவம் எழுவாயாக வரும் வழக்குத் தமிழுக்குப் புதிதன்று. செய்த பாவம் சும்மா விடாது என்கிறோம். ஊரார் பாவத்தைக் கொட்டிக்கொள்ளாதே என்கிறோம். ஆனால் இவ்வழக்குகளில் பாவம் செயலுக்குப் பின்னே துரத்தி வருவது. பவுலின் பாவம் செயலுக்கு முன்னே நின்று செயலை விளைவிப்பது. இரண்டிலும் அது ஆளைப்போல் இயங்குகிறது; வரும் திசைதான் வேறு. 'ஐயோ பாவம்' என இரங்கற்குறிப்பாக வழங்கும் பேச்சுவழக்கு இன்னும் வியப்புக்குரியது. துன்புறுவோன் தன் பாவத்தின் பயனை அனுபவிக்கிறான் என்ற எண்ணத்திலிருந்து, அவன் இரங்கத்தக்கவன் என்ற எண்ணத்துக்குச் சொல் நகர்ந்துவிட்டது. பாவமும் இரக்கமும் ஒரே சொல்லில் சந்திக்கும் இவ்வழக்கை மொழிபெயர்ப்பாளர் எவரும் பயன்கொள்ளவில்லை.

வேறு சொற்கள் இருந்தனவா எனின், இருந்தன. கிரேக்க ஹமார்த்தியாவின் வேர்ப்பொருள் குறி தப்புதல். ஹோமரின் காவியங்களில் எறிந்த வேல் இலக்கைத் தவறவிடுவதற்கு இவ்வினையே வழங்குகிறது. தமிழில் தவறு என்பதும் பிழை என்பதும் இதே வழியில் பொருள் வளர்ந்தவை. குறி தவறிற்று என்கிறோம். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் யானையைத் தப்பிய வேலுக்குப் பிழைத்தல் என்னும் வினையே வந்துள்ளது. வேரும் கிளையும் இவ்வளவு பொருந்திய சொற்கள் இருக்கவும் அவை கொள்ளப்படாமைக்குக் காரணம், தவறும் பிழையும் காலப்போக்கில் எளிய குற்றங்களைக் குறிக்கும் அளவுக்கு மென்மையடைந்தமையாகும். வேர்ப்பொருள் ஒப்புமை மொழிபெயர்ப்புக்கு அளவுகோல் ஆகாது என்பதற்கு இதனை மாணவர்க்குக் காட்டலாம்.

பிரமாணம்

நோமோஸ் என்பதற்கு யூனியன் மொழிபெயர்ப்பு வழங்கும் நியாயப்பிரமாணம் என்னும் தொகைச்சொல் இன்று கிறித்தவ வழக்குக்கு வெளியே ஏறத்தாழ இல்லை. நியாயம், பிரமாணம் ஆகிய இரண்டும் தருக்க நூலார்க்கு உரிய சொற்கள். பிரமாணம் என்பது அளவை, சான்று என்னும் பொருளில் தத்துவ நூல்களில் வழங்கியது. பின்னர் ஆணை, உறுதிமொழி என்னும் பொருள்களும் பெற்றது. அரசன் இட்ட கட்டளையினும் அகன்ற, அறத்தின் அளவுகோல் என்னும் கருத்து இதில் உள்ளது. அந்த அளவில் தோராவின் பழம்பொருளை இது நோமோஸைவிட நன்கு தாங்குகிறது எனக் கூறலாம்.

இத்தொகையின் உண்மையான வலிமை உரோமர் 3, 7, 8ஆம் அதிகாரங்களில் வெளிப்படுகிறது. பவுல் நோமோஸ் என்ற ஒரே சொல்லை மோசேயின் சட்டத்துக்கும், விசுவாசத்தின் நோமோஸ், மனத்தின் நோமோஸ், பாவத்தின் நோமோஸ் என்றவாறு வேறு பொருள்களுக்கும் கையாளுகிறார். பின்னைய இடங்களில் அது சட்டமா, நெறிமுறையா, ஆற்றலா என்பதில் உரையாசிரியர்க்குள் இன்றும் ஒருமைப்பாடு இல்லை. பல மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைச் செய்யவேண்டியவராகின்றனர்: எங்கும் ஒரே சொல்லை வைத்து வாசகரைத் திகைக்க வைத்தல், அல்லது இருவேறு சொற்களை வைத்துப் பவுலின் சொல்விளையாட்டை இழத்தல். யூனியன் குழுவினர் மோசேயின் சட்டத்துக்கு நியாயப்பிரமாணம் என்றும், பிறவற்றுக்குப் பிரமாணம் என்ற தலைமைச்சொல்லை மட்டும் கொண்டு விசுவாசப்பிரமாணம், பாவப்பிரமாணம் என்றும் வகுத்தனர். வேறுபாடும் தெரிகிறது, ஒற்றுமையும் மறையவில்லை. தமிழின் தொகையாக்கத் திறனைப் பயன்கொண்ட இத்தீர்வு, அம்மொழிபெயர்ப்பின் நடை பழமைப்பட்டுவிட்டது என்று கூறுவோரும் மதிக்கவேண்டிய ஒன்று.

ஆயினும் இதே குழுவினர் பழைய ஏற்பாட்டில் வேறொரு வழியை மேற்கொண்டனர். உபாகமத்தில் தோரா நியாயப்பிரமாணம் எனப்பட்டது. முதலாம் சங்கீதத்திலும், பத்தொன்பதாம் சங்கீதத்திலும், நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்திலும் அதே தோரா வேதம் எனப்பட்டது. தியானத்துக்குரியது மறைநூல்தானே என்ற எண்ணம் இதற்கு அடிப்படை ஆகலாம். வேதம் என்ற சொல் கத்தோலிக்கரிடையே தத்துவபோதகர் காலமுதலே மறைநூலுக்கு வழங்கியது. தனித்தனி இடங்களில் நோக்கினால் இது நல்ல தேர்வே. புதிய ஏற்பாட்டிலும் யோவான் 10:34இல் நோமோஸ் என்பது வேதம் என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. அங்கு இயேசு சுட்டுவது ஒரு சங்கீதத்தை ஆதலின் அது பொருத்தமானதே.

விளைவை நோக்குவோம். சங்கீதக்காரன் தேனினும் இனியது என்று கொண்டாடும் வேதமும், பவுல் பாவத்தை உணர்த்துவது என்று கூறும் நியாயப்பிரமாணமும் ஒன்றே என்பது தமிழ் வாசகர்க்குச் சொல்லளவில் தெரிய வழியில்லை. யூதரின் மறை ஒருபுறம் இனிய வேதமாகவும், மறுபுறம் கடுமையான நியாயப்பிரமாணமாகவும் பிளவுண்டது. இப்பிளவு லுத்தரின் போதனையோடு இயைந்து சென்றது என்பதும் நோக்கத்தக்கது. 1529இல் வெளிவந்த அவரது சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளை முதலிலும் விசுவாசப்பிரமாணத்தை அதன் பின்னும் வைத்தது. நோயை முதலில் அறிந்தவனே மருந்தைத் தேடுவான் என்பது அவர் கருத்து. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கும், 1772இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பப்ரிசியுசும் இம்மரபினர். சட்டம் குற்றஞ்சாட்டுவது, நற்செய்தி விடுவிப்பது என்ற இருமை அம்மரபின் மூச்சு. யூதசமயத்தைச் சட்டத்தின் சமயம் என்று மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது, அங்கும் இறையருளே முதலில் நின்றது என 1977இல் ஈ. பி. சாண்டர்சு விரிவாக நிறுவிய பின்னர், இவ்விருமையை ஆய்வுலகம் மறுபரிசீலனை செய்தது. தமிழ் வாசகர் அம்மறுபரிசீலனையைப் பின்தொடரவேண்டுமாயின் வேதமும் நியாயப்பிரமாணமும் ஒரே எபிரேயச் சொல் என்பதை அவர்க்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் சங்கீதங்களிலும் (அதன் வழக்கில் திருப்பாடல்கள்) உரோமர் நிருபத்திலும் திருச்சட்டம் என்ற ஒரே சொல்லைக் கொண்டு இப்பிளவை நீக்கியது. சட்டம் என்பது இன்று நாடாளுமன்றம் இயற்றுவதைக் குறிக்கும் வறண்ட சொல். திரு என்னும் அடை அதனை ஓரளவு காக்கிறது. ஒரே சொல்லாக்கியது பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

கிருபையும் அருளும்

சட்டத்தில் நேர்ந்ததற்கு நேர்மாறானது கிருபையில் நேர்ந்தது. யூனியன் மொழிபெயர்ப்பில் பவுலின் காரிஸ் கிருபை. நோவா இறைவன் கண்ணில் பெற்ற ஹேன் கிருபை. நூற்றுமுப்பத்தாறாம் சங்கீதத்தில் அடிதோறும் வரும் ஹேசெத்தும் கிருபை. எபிரேயத்தில் இரண்டாகவும் கிரேக்கத்தில் எலேயோஸ், காரிஸ் எனப் பிரிந்தும் நின்ற கருத்துகள் தமிழில் ஒரு சொல்லில் கூடின. கிரேக்கம் கற்ற உரோமாபுரி வாசகர்க்குக் கிட்டாத ஒரு தொடர்ச்சி தமிழ்நாட்டுச் சிற்றூரில் சங்கீதம் பாடுவோர்க்குக் கிட்டியது. திருவிவிலியமோ ஹேசெத்தைப் பேரன்பு என்றும் காரிஸை அருள் என்றும் பிரித்தது. மூலத்துக்கு இது நெருக்கமானது. ஆனால் ஒரு பதிப்பு சட்டத்தைப் பிளந்து கிருபையை இணைக்க, மற்றது சட்டத்தை இணைத்துக் கிருபையைப் பிளந்தது. இரு பதிப்புகளையும் வாசிப்போர் இரு வேறுபட்ட ஏற்பாட்டு உறவுகளைப் பெறுகின்றனர். அதற்கான வாதம் எதுவும் நூலில் இல்லை, சொற்கோப்பிலேயே அது அடங்கிவிட்டது.

காரிஸுக்குத் தமிழ்க் கிறித்தவம் வழங்கிய சொற்கள் பல. பழைய கத்தோலிக்கச் செபத்தில் மரியாளுக்குரிய வாழ்த்தில் பிரியதத்தம் என்ற சொல் வந்தது. பிரியத்தால் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஞானோபதேசங்களில் வரப்பிரசாதம், இஷ்டப்பிரசாதம் என்பன வழங்கின. இவற்றுள் பிரியதத்தம் வழக்கொழிந்தது. வரப்பிரசாதம் சமயத்தை விட்டு வெளியேறி, நல்ல மழை உழவர்க்கு வரப்பிரசாதம் என்னும்படி இதழ்மொழியில் வாழ்கிறது. பிரியதத்தம் இறந்தது ஓர் இழப்பென்றே தோன்றுகிறது. 'அருளால் நிறைந்த' என்ற இலத்தீன் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நல்ல ஜெர்மன் அன்று என லுத்தர் 1530இல் எழுதிய மொழிபெயர்ப்புப் பற்றிய மடலில் வாதிட்டார். அன்பும் பிரியமும் தோன்றும் சொல்லையே அவர் நாடினார். தமிழில் அப்பிரியத்தைச் சொல்லுக்குள் கொண்டிருந்தது லுத்தரனியர் வழக்கன்று, கத்தோலிக்கர் வழக்கு.

கிருபை என்ற வடசொல்லுக்குத் தமிழில் வைணவ உரைமரபு ஆழ்ந்த பொருளை அளித்திருந்தது. இறைவனின் கிருபை காரணம் பற்றாதது என்னும் கருத்துப் பிள்ளை உலகாசிரியரின் மரபில் வலியுறுத்தப்பட்டது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலைக்கும், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி தென்கலைக்கும் உவமை. மனித முயற்சி எவ்வளவு வேண்டும் என்ற இவ்வினா அகஸ்தீனார்க்கும் பெலாகியுசுக்கும் இடையே எழுந்ததோடு ஒப்புமை உடையதென்பதை ருடால்பு ஓட்டோ 1930இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆனால் கிருபை என்ற சொல்லின் மையத்தில் இரக்கவுணர்வு இருக்கிறது. துன்புறுவோன் மீது தோன்றுவது அது. காரிஸின் மையமோ கொடை. தகுதியற்றவனுக்கு அளிக்கும் கொடை. உரோமர் 4:4இல் கூலியும் காரிஸும் எதிரெதிராக வைக்கப்படும்போது, கூலிக்கு எதிரானது கொடைதான், இரக்கமன்று. உரோமர் 6:23இல் யூனியன் குழுவினர் இதனை உணர்ந்து கிருபைவரம் என்ற தொகையைப் படைத்தனர். அதே அடியில் பாவம் தரும் ஊதியத்தைச் சம்பளம் என்றனர். மூலச்சொல் போர்வீரனுக்கு உணவுக்காகத் தரும் படியைக் குறிக்கும். சம்பளம் என்பதும் வழியுணவைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புடையது என்பர். மொழிபெயர்ப்பாளர் இதனை அறிந்து செய்தாரா என்பது வேறு வினா.

அருள் என்ற சொல் பழமையானது. உறவும் தொடர்பும் நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என உரையாளர் அன்பினின்று அதனைப் பிரிப்பர். இத்தன்மை காரிஸுக்கு நன்கு பொருந்துகிறது. அது வினையாகவும் வழங்கும். மன்னித்தருளும் என்பதுபோலத் துணைவினையாகவும் வழங்கும். கிருபைக்கு அவ்வசதி இல்லை. செய்தல், கூர்தல் முதலிய வினைகளை நாடவேண்டும். இவ்வளவு சிறப்பிருந்தும் சீர்திருத்தச் சபையார் நீண்டகாலம் அருளை முதன்மைச் சொல்லாகக் கொள்ளாமைக்கு, அது சைவத்தின் தனிச்சொல்லாக விளங்கியதும், அருள் வந்து ஆடுதல் என்ற நாட்டார் வழக்கும் காரணங்களாகலாம்.

ஓர் ஏகாரம்

கிருபையினால் மனிதன் பெறும் நிலையைக் குறிக்கும் கிரேக்க வினைக்கு யூனியன் மொழிபெயர்ப்பு நீதிமானாக்குதல் என்றது. சீர்திருத்தச் சபையாரின் கொள்கைப்படி இறைவன் பாவியை நீதிமான் எனத் தீர்ப்புக் கூறுகிறார். கத்தோலிக்கக் கொள்கைப்படி உண்மையாகவே நீதிமானாக மாற்றுகிறார். ஆக்குதல் என்னும் வினை பின்னைய கொள்கைக்கே நெருங்கியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்த முயற்சியில் உருவான திருவிவிலியம் ஏற்புடையவராதல் என்றது. அது தீர்ப்பையும் குறிக்காது, மாற்றத்தையும் குறிக்காது, உறவைக் குறிக்கும். நூற்றாண்டுகாலச் சச்சரவு இவ்வாறு தமிழில் தலைகீழாகவும் பின்னர்ச் சமனாகவும் அமைந்தது எவர் திட்டத்தாலும் நிகழ்ந்ததன்று.

இச்சச்சரவின் உச்சமாகிய உரோமர் 3:28இல் 1522ஆம் ஆண்டு லுத்தர் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற பொருளுடைய ஜெர்மன் சொல்லைச் சேர்த்தார். எதிர்ப்பாளர் இதனை மறைநூலைத் திரித்தல் என்றனர். லுத்தர் தம் மடலில் அளித்த விடை சமய வாதத்தினும் முதலில் மொழியியல் வாதமாகும்: இரண்டனுள் ஒன்றை மறுத்து மற்றொன்றை உடன்படும்போது ஜெர்மன் மொழி அச்சொல்லை இயல்பாகவே வேண்டும், சந்தையில் பேசுவோரைக் கேட்டால் தெரியும் என்றார். யூனியன் மொழிபெயர்ப்பின் அதே அடியில் மட்டும் என்ற சொல் இல்லை. ஆனால் விசுவாசத்தினாலேயே என்றுள்ளது. ஆலே என்னும் மூன்றாம் வேற்றுமை வடிவத்தின் மேல் மீண்டும் ஓர் ஏகாரம். தொல்காப்பியர் ஏகாரத்துக்குக் கூறும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் உண்டு, பிரிநிலையும் உண்டு. இங்கு முன்னே கிரியைகள் மறுக்கப்படுதலின் பிரிநிலை எனக் கொள்வதே இயல்பு. பிரிநிலையாயின் அது லுத்தரின் சொல்லேயாகும். தேற்றம் எனக் கொள்வோர்க்கோ அது வலியுறுத்தல் மட்டுமே. மூலத்தில் இல்லாத எதுவும் சேர்க்கப்படவில்லை. ஜெர்மன் மொழியில் மடல் எழுதித் தற்காக்கவேண்டியிருந்த ஒன்றைத் தமிழ் இலக்கணம் ஓர் இடைச்சொல்லில் இரு பொருளும் தோன்ற வைத்துக்கொண்டது.